வாளிக்குள் நான்கு பேட்டரி

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அலோர் ஸ்டாரிலிருந்து வந்து உட்கார்ந்து, அழைக்க வேண்டியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாய். உன் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி கணேசன் பெயர் வந்ததும் நிறுத்தி, "மாப்பிள்ளைத் தோழன் அவந்தான்ப்பா, நான் முடிவு பண்ணிட்டேன்" என்றாய். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அவன் என் வீட்டுக் கல்யாணத்துக்கு வரக்கூடாது என்று கத்தினேன். காரணம் கேட்டாய். நான் உள்ளே போய்விட்டேன். நீ சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டாய். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வழியெல்லாம் நினைத்திருப்பாய். அப்படி நினைத்திருந்தால் எனக்கு நல்லதுதான். புத்தி சரியாக இருந்துதான் கத்தினேன். காரணத்தை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன், முழுவதும் படி.

பதினைந்து வருடம் கழித்து அவனைப் பஸ் கம்பெனிப் பட்டறையில் பார்த்தாய். மின்சார வேலைக்காரனாக இருக்கிறானாம். உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அப்பா நல்லாருக்காங்களா? எங்கப்பாவுக்காக மாத்தா மாத்தா ஸ்டேசன்ல போய்ப் பேசுன ஒரே போலீஸ்காரருலா அவங்க. நான் வந்து கால்ல விழணும்" என்று சொன்னானாம். நீ அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தப் பேச்சுத்தான் என்னைக் கத்த வைத்தது.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் உனக்கு நினைவிருக்கும், ஆனால் பத்து வயதுப் பையனின் நினைவு அது. கரங்கானுக்கு உள்ளே தள்ளியிருந்த நம் ரப்பர் தோட்டத்தில் கூலிகள் குடியிருந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்தார்கள். காலை ஆறு மணிக்குத்தான் வாசல் திறக்கும். பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டு போகக்கூடாது. அரிசி, மருந்து, டார்ச் பேட்டரி எது போனாலும் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று கணக்கு. பிடிபட்டால் ஜெயில், அல்லது நாடு கடத்தல், அதைவிட மோசமாகவும் முடியலாம். அந்த வாசலில் காக்கி உடுப்பும் துப்பாக்கியுமாக நின்று வாளி மூடியைத் திறந்து பார்த்த ஸ்பெஷல் போலீஸ்காரன் நான். தோட்டத்துக் கூலி வீட்டில் பிறந்தவனுக்குப் பூட்ஸ் மாட்டக் கிடைத்தால் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். எனக்கும் கனத்தது. பள்ளிக்கூடம் மட்டும் வேலிக்கு வெளியே, ரோட்டோரத்தில் பழைய இடத்திலேயே இருந்தது. பிள்ளைகள் தினமும் என் வாசலைத் தாண்டித்தான் போவார்கள். பிள்ளைகளின் பையை யாரும் பார்ப்பதில்லை.

அந்த வருடம் உங்கள் ஐந்தாம் வகுப்பு வாத்தியார் ஒரு வேலை கொடுத்தார். மூன்று கூட்டமாகப் பிரிந்து, பேட்டரியில் ஓடும் சின்ன கார் ஒன்றை நீங்களே யோசித்து, நீங்களே செய்து, ஓட்டிக் காட்ட வேண்டும். மோட்டார்கூட கடையில் வாங்கக்கூடாது. லாரிக் கொட்டகையின் கழிவிலிருந்து செம்புக் கம்பியும் காந்தமும் எடுத்துக் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது. நீயும் கணேசனும் ஒரு கூட்டம். இரண்டு என்ஜினியர்களுக்கும் சேர்த்துச் சட்டையில் மூன்று பொத்தான்தான் இருந்தது. ஆனால் பேச்சு மட்டும் துரை வீட்டுக் காரையே நீங்கள்தான் செய்து அனுப்பியதுபோல இருக்கும். நான்கு சக்கரமா மூன்று சக்கரமா என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தீர்கள். கடைசியில் மூன்று என்று முடிவானது, ஏனென்றால் நூல்கட்டை மூன்றுதான் கிடைத்தது. பால் டின்னை வெட்டி மேல்கூடு, குடைக்கம்பியில் அச்சு, சோப்புப் பெட்டிப் பலகையில் அடிப்பாகம். பாட்டில் தக்கையில் கம்பியைச் சுற்றி நீங்கள் செய்த அந்த மோட்டார் முதல் நாள் ஒரு துடிப்புத் துடித்துவிட்டு நின்றுபோனது. கம்பியின் முனையில் இருந்த பூச்சைச் சுரண்ட மறந்திருந்தீர்கள். சுரண்டியதும் சுற்றியது. நீ வீடு முழுக்க ஓடினாய்.

மோட்டார் சுற்றினாலும் சக்கரம் சுற்றவில்லை. இரண்டையும் இணைக்கும் பட்டை வழுக்கியது. சைக்கிள் டியூப்பை அறுத்துப் போட்டுப் பார்த்தீர்கள், தடித்துப் போய் மோட்டாரை நிறுத்திவிட்டது. அதற்கு வழி சொன்னவன் கணேசனின் அப்பா மாணிக்கம். ஒரு கண்ணாடிப் பாட்டிலின் மேல் ரப்பர் பாலைத் தடவிக் காயவைத்து, மறுபடி தடவி, மறுபடி காயவைத்து, தோல் மாதிரி உரித்து வளையம் வளையமாக நறுக்கிக்கொள்ளச் சொன்னான். மெல்லியது பட்டைக்கு, தடித்தது டயருக்கு. பால் வெட்டும் கத்தியாலேயே சின்ன மரக் கப்பி ஒன்றும் செதுக்கிக் கொடுத்தான். அவன் கை அப்படிப்பட்ட கை. நீ வீட்டுக்கு வந்தால் "மாணிக்கம் மாமா சொன்னாரு, மாணிக்கம் மாமா செஞ்சாரு" என்று ஒரே பாட்டு. துப்பாக்கி வைத்திருக்கும் அப்பனை விட்டுவிட்டு, கத்தி வைத்திருப்பவனைப் பற்றிப் பேசுகிறானே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. சின்னப் பொறாமைதான். ஆனால் இருந்தது. இன்று எதையும் விட்டுவிட்டு எழுதக்கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

அந்தப் பொறாமைதான் என்னைப் பேட்டரி கொடுக்க வைத்தது என்று நினைக்கிறேன். கார் வகுப்புத் தரையில் கரும்பலகையிலிருந்து கதவு வரை ஓடியது, வாத்தியார் கொடுத்த பேட்டரி அதோடு தீர்ந்துவிட்டது. கையால் செய்த மோட்டார் பேட்டரியை அப்படித்தான் குடிக்கும். சனிக்கிழமை காலையில் மூன்று கூட்டமும் ஓட்டிக் காட்ட வேண்டும். நீ என்னிடம் வந்து நின்றாய்.

"அப்பா, நாலு பேட்டரி வேணும்."

"சின்னக் காடிக்கு எதுக்குடா நாலு?"

"ரெண்டு போட்டா சுத்துதுப்பா. இழுக்க மாட்டேங்குதுலா."

என் டார்ச் லைட்டில் ஸ்டேசனிலிருந்து கொடுத்த இரண்டு பேட்டரி இருந்தது. மாற்றிப் போட இன்னும் இரண்டு இருந்தது. நான்கையும் எடுத்து உன் கையில் வைத்தேன். "யாரு குடுத்தான்னு யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். மாணிக்கம் செய்ய முடியாத ஒன்றை நான் செய்துவிட்டேன் என்ற சந்தோஷம். நீ கணேசனிடம் சொன்னாய், அவன் தன் அப்பாவிடம் சொன்னான். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அதில் உன் குற்றம் ஒன்றும் இல்லை, பிள்ளைகள் சந்தோஷத்தைச் சொல்லத்தான் செய்வார்கள்.

சனிக்கிழமை நடந்ததில் பாதியைத்தான் நீ பார்த்தாய். ஆறு மணிக்கு வாசல் திறந்ததும் மாணிக்கத்தின் காலி வாளி இரண்டையும் நான்தான் கவிழ்த்துப் பார்த்து அனுப்பினேன். அவன் மற்ற வெட்டுக்காரர்கள் வரட்டும் என்று வெளிப்பக்கம் நின்றான். தரையில் கோடு போட வேண்டும் என்று நீங்களும் அன்று சீக்கிரமே வந்து, வரிசையின் பின்னால் நின்றீர்கள். கணேசன் கையில் கார், உன் பையில் பேட்டரி. அப்போது ஜீப் வந்தது. வெள்ளைக்காரப் போலீஸ் துரை இறங்கி, இன்று பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும் என்றான். மாணிக்கம் உடனே வாளியோடு உள்பக்கம் வந்தான். "சட்டையைச் சரியாப் போட மாட்டியாடா" என்று மகனைத் திட்டுவதுபோலக் குனிந்து, உன் பைக்குள் கையை விட்டு, பால் வடியும் மங்குகளைத் துடைக்கும் துணியில் அந்த நான்கையும் சுருட்டித் தன் வாளியில் போட்டு மூடினான். பார்த்து முடித்த வாளியை மறுபடி யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது வாசலில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது உங்களிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பான். இத்தனையையும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சை இன்று நினைத்தாலும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

துரை உன் பையை உதறிப் பார்த்தான். காரைக் கையில் வாங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். எல்லாம் முடிந்தது. மாணிக்கம் வாளிகள் தொங்கும் காண்டா கட்டையைத் தோளில் தூக்கினான். வாளி ஆடியது. துணி நழுவி, காலி வாளிக்குள் ணங்கென்று ஒரு சத்தம்.

துரை மூடியைத் தானே திறந்தான். நான்கையும் கையில் எடுத்து, "சியாப்பா பூன்யா?" என்று, யாருடையது என்று மலாயில் கேட்டான். மாணிக்கம் என்னைப் பார்த்தான். மிரட்டுகிற பார்வை இல்லை, கெஞ்சுகிற பார்வையும் இல்லை. நீயே சொல்லிவிடு அண்ணே, அதுதான் சுலபம் என்பதுபோல ஒரு பார்வை. நான் வாயைத் திறக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "கீழ கெடந்துச்சு தொரை, எடுத்தேன்" என்றான். துரை என் பக்கம் திரும்பி, இந்த வாளியை நீ பார்த்தாயா என்று கேட்டான். பார்த்தேன், நான் பார்க்கும்போது காலியாக இருந்தது என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, தம்பி. சோதனை முடிந்த பிறகு ஒளித்து வைத்தவன் என்று அவனைக் கட்டிப்போட்டது அந்த உண்மைதான். உண்மையை வைத்தே ஒருவனைக் கவிழ்க்கலாம் என்று அன்று கற்றுக்கொண்டேன். நீ வீட்டில் உன் மனைவியிடம் பேசும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள். நான் பொய் சொல்லவில்லையே என்று உன் வாய் என்றைக்காவது வாதாடினால், அன்றைக்குச் சொல்லாமல் விட்டது எது என்று உன்னையே கேட்டுக்கொள்.

நீ அழுதுகொண்டே என் பெல்ட்டைப் பிடித்தாய். மாணிக்கத்தை ஏற்றிக்கொண்டு ஜீப் போனதும் உன்னைக் காவல் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போய், "நீ வாயத் திறக்காத. பெரியவங்க வெசயம். நான் ஸ்டேசனுக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிர்றேன்" என்றேன். நீ நம்பினாய். உங்கள் வாத்தியார் மதியமே சைக்கிளை மிதித்துக்கொண்டு கூலிம் ஸ்டேசனுக்குப் போயிருக்கிறார். பிள்ளைகளின் பாடத்துக்காக வந்த பேட்டரி, என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் யார் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரியவில்லை. உன்னையும் கணேசனையும் அவர் கேட்டபோது இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்களாம். நீ எனக்காக நின்றாய். கணேசன், அவன் அப்பா சொல்லாத பெயரைத் தான் சொல்லக்கூடாது என்று நின்றான். வாத்தியாரின் பேச்சில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது, அதை அடைக்க என் பெயர் ஒன்று போதும். அடுத்த மாதம் அவரையும் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் நான் உடுப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஸ்டேசனுக்குப் போகிறேன் என்று நீ வாசல் வரை வந்து வழியனுப்பினாய். நான் ஸ்டேசனுக்குப் போகவில்லை. கரங்கானில் ஒரு கடைக்குப் போய் நான்கு பேட்டரி வாங்கினேன். பேட்டரி வாங்கினால் பெயரும் ஐ.சி. அடையாள அட்டை நம்பரும் எழுத வேண்டும், ஆனால் போலீஸ் உடுப்பில் வந்தவனைக் கடைக்காரர் கேட்கவில்லை. அங்கேயே டார்ச்சில் இரண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஸ்டேசன் கணக்குக்கு நான்கும் சரியாக இருந்தது, இனி என்னை யாரும் பிடிக்க முடியாது. அதற்கு மட்டும் எனக்குத் தைரியம் இருந்தது. பிறகு ஒரு காப்பி குடித்துவிட்டு, நேரம் போகட்டும் என்று பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ ஓடி வந்தாய்.

"சொல்லிட்டீங்களாப்பா?"

"சொல்லிட்டேன்டா. தொரை கேக்க மாட்டேங்கிறான்."

இதுதான் நான் இன்று வரை மறைத்தது. பதினைந்து வருடமாக நீ இதை நம்பிக்கொண்டிருக்கிறாய். நான் போகவே இல்லை. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பயம்தான் காரணம். அதற்கு முந்தைய மாதம் திகாம் பத்து ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் என்னைப்போல ஒரு காவல்காரனை, அரிசி வெளியே போக விட்டான் என்று பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். உன் அம்மா வயிற்றில் உன் தங்கை ஏழு மாதம். போலீஸ்காரனே பேட்டரி கொடுத்தான் என்றால் சும்மா விடமாட்டார்கள் என்று நினைத்தேன். இதெல்லாம் உண்மையான பயம்தான். ஆனால் மாணிக்கத்துக்கும் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். முதல் நாள் சொல்லியிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும், சில மாதம் உள்ளே இருந்திருப்பேன். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் இன்னும் மோசம். தள்ளித் தள்ளிப் போட்டதில், சொல்லவே முடியாத நாள் ஒன்று வந்துவிட்டது. உன் கல்யாண வாழ்க்கையில் நீ தப்பு செய்யாமல் இருக்க மாட்டாய், யாரும் இருந்ததில்லை. செய்தால் அன்றைக்கே சொல். என்னிடம் இதைத் தவிர உனக்குக் கொடுக்கப் புத்திமதி எதுவும் இல்லை.

மாணிக்கத்தை முதலில் தடுப்பு முகாமில் வைத்தார்கள். பிறகு பினாங்கில் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் பிறந்தது நம் தோட்டத்து லயத்தில். இந்தியாவில் அவனுக்கு ஒரு வீடு தெரியாது, ஒரு ஆள் தெரியாது. ஒரே ஒரு கடிதம் வந்தது. அடுத்து வந்தது காய்ச்சலில் செத்துப்போனான் என்ற செய்தி. அவன் பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிய நாளில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு மூட்டை. "அண்ணே, வாத்தியாருக்கு அப்புறம் நீங்க மட்டுந்தான் எங்களுக்காகப் போயிப் பேசுனீங்களாம், புள்ள சொன்னான். இந்த ஒதவிய மறக்க மாட்டோம்ணே" என்று கும்பிட்டாள். நீ சொன்னதைக் கணேசன் சொல்ல, அவன் சொன்னதை அவள் நம்பியிருக்கிறாள். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன். பதிலுக்குக் கும்பிடவும் செய்தேன். "என்னால ஆனத செஞ்சேன்மா" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கேவலமான பேச்சு அது.

நீ அதற்குப் பிறகு ஒரு கம்பியைக்கூடக் கையால் தொடவில்லை. வீட்டில் பல்பு மாற்றச் சொன்னாலும் அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடுவாய். படித்தாய், ஆபீஸில் கிளார்க் ஆனாய், நல்ல பெயர் எடுத்தாய். "பேட்டரி கேட்டது நான், அதனால்தான் மாமா போனார்" என்று காய்ச்சல் வரும்போதெல்லாம் நீ பிதற்றியிருக்கிறாய். அதைக் கேட்டுக்கொண்டு உன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுகூட உனக்குச் சொல்லவில்லை. உன் குற்றம் எதுவும் இல்லை. பத்து வயதில் நீ கேட்டது ஒரு விளையாட்டுக் காருக்குப் பேட்டரி. உன் தலையில் இருந்த பாரம் என்னுடையது, நீ சுமந்ததால் எனக்கு லேசாக இருந்தது. இப்படி ஒரு அப்பனும் உலகத்தில் இருப்பான் என்று நினைத்துக்கொள்.

உன் அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். கேட்டு முடித்ததும் எழுந்து அடுப்படிக்குப் போனாள். சாப்பாடு போட்டாள். இன்று மாலை வரைக்கும் பேசவில்லை.

இந்தக் கடிதத்தை நீ படித்ததும் கிழித்துப் போடாதே. பத்திரிகையோடு சேர்த்துக் கணேசன் கையில் கொடு. படித்துக் காட்டாதே, அவனே படிக்கட்டும். பக்கத்தில் இருந்து எனக்காக எதுவும் பேசாதே. அவன் உன்னை அடித்தால் வாங்கிக்கொள்ளாதே, அந்த அடி இங்கே வர வேண்டியது, விலாசம் அவனுக்குச் சொல். மாப்பிள்ளைத் தோழனாக உன் பக்கத்தில் நிற்க அவனைவிட உரிமை உள்ளவன் யாரும் இல்லை. நான் அங்கே நிற்கலாமா என்பதை அவன் சொல்லட்டும். வரக்கூடாது என்றால் ஒரு வார்த்தை எழுதிப் போடு, அன்று நான் வீட்டில் இருந்துகொள்கிறேன். அப்பன் செய்ய வேண்டிய சடங்கை உன் பெரியப்பா செய்வார். பெண் வீட்டார் கேட்டால் முழங்கால் வலி என்று சொல்லச் சொல்லலாம் என்று முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அப்பா ஏன் வரவில்லை என்று யார் கேட்டாலும், நடந்ததைச் சொல்.

அப்பா